தூய கணிதமும் மனித வாழ்வும்: ஹார்டியின் அழகியல் பற்றிய ஒரு நோக்கு

1

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்னும் வினா நமது இலக்கிய விமர்சன உலகிற் பல தசாப்தங்களாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்விவாதத்திற் கவிதை, நாவல், நாடகம், ஓவியம் என்பனவே பெரும்பாலும் உதாரணங்களாக எடுத்தாளப்பட்டுள்ளன. ஆனால், அதே வினா இன்னும் கூர்மையான வடிவில் எழும் ஒரு துறை உண்டு. தூய கணிதமே அத்துறையாகும். ஒரு கவிதை எவ்வளவுதான் அகவயமானதாயினும் மனிதரின் இன்பதுன்பங்களைத் தொடாமற் செல்ல முடியாது. எண்களின் இயல்புகளை ஆராயும் கணிதவியலாளனோ மனிதரைப் பற்றி எதுவுமே கூறுவதில்லை. பாலங் கட்டுவதற்கோ, பயிர் விளைவிப்பதற்கோ, நோய் தீர்ப்பதற்கோ என அவன் தனது ஆய்வை மேற்கொள்வதுமில்லை. அவ்வாறாயின் ஆயுட்காலம் முழுவதையும் அத்தகைய ஆய்விற் செலவிடுவதற்கு நியாயம் என்ன? உழைக்கும் மக்களின் உழைப்பால் ஊட்டப்படும் ஒரு சமூகம் அத்தகைய ஒருவனைப் பேணுவதற்கு நியாயம் என்ன?

இவ்வினாவுக்கு எளிதிற் கூறப்படும் விடைகள் இரண்டு. இன்று பயனற்றதாகத் தோன்றும் கணிதம் நாளை பயன்படக்கூடும், ஆகவே அதனைப் பேணவேண்டும் என்பது ஒன்று. கணிதம் தன்னளவில் முழுமையானது, சமூகம் பற்றிய கேள்விக்கு அங்கு இடமில்லை என்பது மற்றொன்று. முதலாவது வணிகனின் விடை. இரண்டாவது துறவியின் விடை. இவ்விரண்டும் போதா என்பதும், தூய கணிதத்தின் அழகை முழுமையாக ஏற்றுக்கொண்டே அவ்வாழ்வின் பெறுமதியைச் சமூக வரலாற்று நோக்கில் மதிப்பிட முடியும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். அக்கருத்தை ஆராய்வதற்கு ஆங்கிலக் கணிதவியலாளரான ஜீ. எச். ஹார்டியின் வாழ்வும் எழுத்தும் ஏற்ற களமாக அமைகின்றன.

2

ஹார்டி 1877 இல் இங்கிலாந்தின் சரே மாவட்டத்திலுள்ள கிரான்லி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையும் தாயும் ஆசிரியத் தொழிலோடு தொடர்புடையவர்கள். 1896 இற் கேம்பிரிட்ஜிலுள்ள திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்த ஹார்டி, 1900 இல் அதன் ஆய்வுறுப்பினரானார். 1919 முதல் 1931 வரை ஒக்ஸ்போர்ட்டிலும், பின்னர் 1942 இல் ஓய்வு பெறும் வரை கேம்பிரிட்ஜிலும் பேராசிரியராகக் கடமையாற்றினார். லிற்றில்வூட் என்னும் கணிதவியலாளருடன் 1911 இல் ஆரம்பித்து முப்பத்தைந்து ஆண்டுகள் அளவில் அவர் மேற்கொண்ட கூட்டாய்வு கணித வரலாற்றிற் புகழ்பெற்றது. 1947 டிசம்பர் முதலாந் திகதி அவர் காலமானார்.

இவரது கணித ஆய்வுகளை அறியாதவர்களும் அறிந்த சிறு நூலொன்றை அவர் 1940 இல் வெளியிட்டார். 'ஒரு கணிதவியலாளனின் தன்னிலை விளக்கம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் வழங்கலாம். நீதிமன்றத்தின் முன் சோக்கிரதீசு நிகழ்த்தியதாகப் பிளேட்டோ எழுதிய உரைக்கு வழங்கும் பெயரையே ஹார்டியும் தமது நூலுக்கு வைத்தார். எனவே அது மன்னிப்புக் கோரும் நூலன்று. ஒரு வாழ்வுக்கான எதிர்வாதம். அறுபது வயதைக் கடந்து, இதய நோயுற்று, ஆக்கத்திறன் குன்றிவிட்டதை உணர்ந்த நிலையில் ஹார்டி இதனை எழுதினார். கணிதம் இளைஞர்களின் துறை என்று நம்பியவருக்குக் கணிதத்தைச் செய்வதற்குப் பதிலாகக் கணிதத்தைப் பற்றி எழுதுவதே ஒரு வீழ்ச்சியாகப் பட்டது. நூல் முழுவதும் அத்துயரம் இழையோடுகின்றது.

அவரது வாதம் தெளிவானது. கணிதவியலாளனும் ஓவியன், கவிஞன் போன்று அமைப்புகளைப் படைப்பவனே. ஓவியன் வண்ணங்களாலும் கவிஞன் சொற்களாலும் படைப்பதை இவன் கருத்துக்களாற் படைக்கின்றான். கருத்துக்கள் சொற்களைப் போன்று விரைவில் தேய்ந்துவிடுவதில்லையாதலின் அவன் படைப்பு நீண்டகாலம் நிலைக்கும். அழகே அதன் முதற் சோதனை. நடைமுறைப் பயனைப் பொறுத்தவரை, தமது கண்டுபிடிப்பு எதுவும் உலகின் நலத்துக்கோ கேட்டுக்கோ சிறிதளவும் உதவவில்லை என்று ஹார்டி வெளிப்படையாகவே கூறினார். மேலும் ஒரு படி சென்று, எண்கோட்பாடு போன்ற 'மெய்யான' கணிதம் போருக்குப் பயன்படாது என்பதையே அதன் சிறப்புகளுள் ஒன்றாக அவர் எடுத்துக்காட்டினார். அழகுடைமை, தீங்கின்மை ஆகிய இவ்விரு தூண்களின் மீதே அவரது எதிர்வாதம் நிற்கின்றது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஏற்பதோ தள்ளுவதோ தவறாகும். அவை தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை.

3

முதலில் அழகை எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் அழகு என்பது வெறும் உருவகம் எனக் கருதுவோர் பலர். அது உருவகமன்று என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டலாம்.

1 ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1 இலும் பெரிய எண் முதன்மை எண் எனப்படும். 2, 3, 5, 7, 11, 13 என்பன அத்தகையவை. 1 இலும் பெரிய ஏனைய முழுவெண்கள் யாவும் இவற்றைப் பெருக்குவதாற் பெறப்படுபவை. எண்கள் பெரிதாகச் செல்லச் செல்ல முதன்மை எண்கள் அருகிச் செல்கின்றன. 1 முதல் 100 வரை 25 முதன்மை எண்கள் உள்ளன; 900 க்கும் 1000 க்கும் இடையில் 14 மட்டுமே உள்ளன. அவ்வாறாயின் ஏதோ ஓரிடத்தில் அவை முற்றாக முடிந்துவிடுமா?

முடிந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். உதாரணமாக, 13 உடன் முதன்மை எண்கள் முடிவடைகின்றன என்று ஒருவர் கூறுகின்றார். 2, 3, 5, 7, 11, 13 ஆகிய எல்லாவற்றையும் பெருக்கினால் 30,030 வரும். அதனோடு ஒன்றைக் கூட்டினால் 30,031. இவ்வெண்ணை மேற்கூறிய ஆறு எண்களுள் எதனால் வகுத்தாலும் 1 மீதியாகும். ஆயின், 30,031 ஒன்றில் தானே முதன்மை எண்ணாக இருக்கவேண்டும், அல்லது ஏதேனுமொரு முதன்மை எண்ணால் வகுபட வேண்டும். எவ்வாறாயினும் பட்டியலில் இல்லாத முதன்மை எண்ணொன்று உண்டு என்பது பெறப்படுகின்றது. உண்மையில் 30,031 என்பது 59 ஐ 509 ஆற் பெருக்க வருவது. அவ்விரண்டும் பட்டியலில் இல்லை. பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் இதே செய்கை பொருந்தும். ஆகவே முதன்மை எண்களுக்கு முடிவில்லை.

யூக்கிளிட்டின் நூலில் ஏறத்தாழ கி.மு. 300 அளவில் இடம்பெற்ற நிறுவல் இது. ஹார்டியும் தமது நூலில் இதனையே முதல் உதாரணமாகக் கையாள்கின்றார். இங்கு ஒருவர் முடிவிலாத எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கவில்லை. ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், சிறிது சிந்தனை, அவ்வளவே. எனினும் முடிவின்மை பற்றிய ஒரு முடிவு கைக்கெட்டி விடுகின்றது. எதிர்பாராமை, தவிர்க்கவியலாமை, சிக்கனம் ஆகிய மூன்றும் இத்தகைய நிறுவலில் ஒன்றிணைகின்றன என்பது ஹார்டியின் விளக்கம். இலக்கிய மாணவர் இதனை எளிதில் இனங்கண்டுகொள்வர். துன்பியல் நாடகத்தின் நிகழ்ச்சிகள் எதிர்பாராதவையாயும் அதே வேளை ஒன்றிலிருந்தொன்று இயல்பாகப் பிறப்பவையாயும் அமையவேண்டும் என்பது அரிஸ்டோட்டில் வகுத்த அளவுகோல். சொற்சிக்கனம் குறட்பாவின் உயிர் என்பதும் நாம் அறிந்ததே.

ஆயினும் எதிர்பாராமையும் சிக்கனமும் மட்டும் போதா. கருத்துக்குக் கனதி வேண்டும் என்று ஹார்டி வற்புறுத்தினார். 8712 என்னும் எண் தனது இலக்கங்களைப் புரட்டிப்போட்ட 2178 இன் நான்கு மடங்கு; 9801 என்பது 1089 இன் ஒன்பது மடங்கு. நான்கிலக்க எண்களுள் இவ்வியல்புடையன இவ்விரண்டு மட்டுமே. இது புதினப் பத்திரிகையின் புதிர்ப் பகுதிக்கு ஏற்றது. ஆனால் இதிலிருந்து வேறெதுவும் பிறப்பதில்லை. யூக்கிளிட்டின் தேற்றமோ எண்ணுலகம் முழுவதற்கும் அடித்தளமாகின்றது. பொதுமையும் ஆழமும் கொண்ட கருத்தே கனதியானது என்பது இதன் பொருள். உருவ அழகு மட்டும் போதாது, உள்ளடக்கத்தின் கனமும் வேண்டும் என்பதைக் கணித அழகியலே ஒப்புக்கொள்கின்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. உருவவாதிகள் ஹார்டியைத் தம்மவராகக் கொள்வதற்கு முன் இவ்விடத்தைக் கவனித்தல் நன்று.

இன்னோர் உதாரணம். ஒரு முழுவெண்ணைச் சிறிய முழுவெண்களின் கூட்டாக எத்தனை வகையிற் பிரிக்கலாம்? 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையிற் பிரிக்கலாம். 9 ஐப் பிரிக்கும் வகைகள் 30. 14 க்கு 135. 19 க்கு 490. 4, 9, 14, 19 என ஐந்தைந்தாகக் கூட்டிச் செல்லும்போது பிரிவினைகளின் தொகை எப்பொழுதும் 5 ஆல் வகுபடும். கூட்டலால் மட்டும் உருவான ஒன்றில் வகுத்தல் தொடர்பான இத்தகைய ஒழுங்கு ஏன் வரவேண்டும்? எண்களின் அட்டவணையில் இதனைக் கண்டு, பின்னர் நிறுவியும் காட்டியவர் இராமானுஜன். அவரைப் பற்றிக் கீழே பேசுவோம்.

இவ்வழகு சிலரது கற்பனையன்று. அது இனம், மொழி, காலம் ஆகியவற்றைக் கடந்து எவராலும் மீண்டும் சோதித்து அனுபவிக்கத்தக்கது. அவ்வகையில் அது முழு மனிதகுலத்துக்கும் உரிய பொதுச் சொத்து. இதனை மறுப்பது முற்போக்கு நிலைப்பாடாகாது.

4

இனி இரண்டாவது தூணாகிய தீங்கின்மையை நோக்குவோம். பயனின்மையை ஒருவர் ஏன் பெருமையாகக் கொள்ள வேண்டும்?

பிளெகானவ் தமது 'கலையும் சமூக வாழ்வும்' என்னும் நூலில், தமது 1912 ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றின் அடிப்படையில், இதற்கு ஒரு திறவுகோலைத் தந்துள்ளார். கலைஞர்கள் தம்மைச் சூழ்ந்துள்ள சமூகத்தோடு தீர்க்கவியலாத முரண்பாடு கொள்ளும்போதே 'கலை கலைக்காக' என்னும் போக்கு அவர்களிடையே தோன்றுகின்றது என்பது அவரது முடிவு. முதலாம் நிக்கலஸ் மன்னனின் ஆட்சியிற் புஷ்கின் அந்நிலைக்குத் தள்ளப்பட்டதை அவர் உதாரணமாகக் காட்டினார். அதே நூலில் அவர் கூறும் மற்றொரு கருத்தும் அடிக்கடி மறக்கப்படுகின்றது. கலை பயன்பட வேண்டும் என்னும் கொள்கையை ஆளும் அதிகாரங்களும் விரும்புகின்றன. தமக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவற்றின் கருத்து. எனவே பயன்வாதம் தன்னளவில் முற்போக்கானதன்று. தூய்மைவாதம் தன்னளவிற் பிற்போக்கானதுமன்று. எக்காலத்தில், எவருக்கு எதிராக, எவரால் முன்வைக்கப்படுகின்றது என்பதே வினா.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து ஹார்டியின் 'தூய்மை' புதிய பொருள் பெறுகின்றது. முதலாம் உலகப் போர் மூண்டபோது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தத்தம் அரசுகளின் பின்னால் அணிதிரண்டன. ஹார்டியின் நண்பர் லிற்றில்வூட் கூட பீரங்கிப் படையிற் சேர்ந்து எறிகணைகளின் பாதையைக் கணிக்கும் வேலையில் ஈடுபட்டார். போரை எதிர்த்து எழுதியமைக்காகத் தண்டிக்கப்பட்ட பேர்ட்ரண்ட் றசலை 1916 இல் திரினிற்றிக் கல்லூரி விரிவுரையாளர் பதவியிலிருந்து நீக்கியது. ஹார்டி அந்நீக்கத்தைக் கண்டித்தவர்களுள் ஒருவர். அதன் வரலாற்றைப் பின்னாளில், 1942 இல், ஒரு சிறு நூலாக எழுதித் தனிப்பட அச்சிட்டும் வழங்கினார். ஒரு விஞ்ஞானத்தை உலகம் பயனுள்ளது என்று மெச்சும்போது, அது செல்வத்தின் ஏற்றத்தாழ்வை வளர்க்கின்றது அல்லது உயிர்க்கொலைக்குத் துணைபோகின்றது என்றே பொருள் என்னும் கருத்துப்பட அவர் 1915 இல் எழுதினார். போரின் நடுவே எழுதப்பட்ட இவ்வாக்கியத்தில் 'பயன்' என்னும் சொல்லின் வர்க்க உள்ளடக்கம் அம்பலமாக்கப்படுவதை எவரும் காணலாம். முதலாளித்துவ சமூகத்திற் 'பயன்' என்பது யாருக்குப் பயன் என்ற கேள்வியை மறைக்கும் சொல் என்பதை ஹார்டி மார்க்சியத்தின் வழியாக அன்றி, தமது அறச்சீற்றத்தின் வழியாகவே கண்டுகொண்டார்.

அவர் சமூகத்தை முற்றாகத் துறந்தவருமல்லர். 1924 முதல் 1926 வரை விஞ்ஞானத் தொழிலாளர்களின் சங்கத்துக்குத் தலைமை வகித்தார். போரின் பின் ஜேர்மன் விஞ்ஞானிகளை ஒதுக்கிவைக்கும் முயற்சிகளை எதிர்த்தார். 1934 இல், பீபர்பாக் என்னும் ஜேர்மன் கணிதவியலாளர் யூதரின் கணிதமும் ஜேர்மானியரின் கணிதமும் இனத்தால் வேறுபட்டவை என்று நாசிக் கொள்கைக்கு இசையப் பேசியபோது, 'நேச்சர்' என்னும் ஆங்கில விஞ்ஞான இதழில் அதற்கெதிராக எழுதினார். முதன்மை எண்கள் முடிவற்றவை என்பதற்கு இனமில்லை. இவ்வாறு, அரசியலிலிருந்து விலகியதாகத் தோன்றும் கணிதத்தின் பொதுமையே பாசிசத்துக்கு எதிரான ஓர் அரணாக அவ்வேளையிற் செயற்பட்டது.

ஆகவே ஹார்டியின் பயனின்மைக் கொள்கையை வெறும் தந்தக்கோபுர மனப்பான்மை என்று ஒதுக்கிவிடுதல் எளிமைப்படுத்தலாகும். அது ஏகாதிபத்தியப் போர்க் காலத்தில் நேர்மையான புத்திசீவி ஒருவர் மேற்கொண்ட எதிர்ப்பின் வடிவம். ஆயினும் அது தனிமனித எதிர்ப்பு. அழுக்கடைந்த உலகிலிருந்து ஒரு தூய நிலத்தைப் பிரித்தெடுத்து அங்கு வாழ்ந்துவிடலாம் என்னும் நம்பிக்கை அதனுள் உறைந்திருந்தது. அந்நம்பிக்கையை வரலாறு ஏற்றுக்கொள்ளவில்லை.

5

ஹார்டி தமது நூலில் எண்கோட்பாட்டையும் சார்பியற் கொள்கையையும் போருக்கு உதவாதவை என ஒருங்கே குறிப்பிட்டார். ஐந்தே ஆண்டுகளில், 1945 ஆகஸ்டில், ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிக்கப்பட்டன. நவீன பௌதிகத்தின் மிக நுண்ணிய கொள்கைகள் ஓர் அரசின் கையில் என்னவாகும் என்பதை உலகம் கண்டது.

எண்கோட்பாடு மேலும் சில தசாப்தங்கள் தப்பியிருந்தது. 1977 இல் அமெரிக்காவில் றிவெஸ்ட், ஷமிர், ஏட்ல்மன் ஆகிய மூவர் இரகசியச் செய்திகளை மறைகுறியாக்கும் முறையொன்றை உருவாக்கினர். இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணை மட்டும் பார்த்து அவ்விரண்டையும் மீளக் காண்பது மிகக் கடினம் என்னும் நிலைமையே அதன் அடிப்படை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிற் பெர்மாவும் ஒய்லரும் எவ்விதப் பயனையுங் கருதாது கண்ட தேற்றம் அதற்குத் துணையாயிற்று. இதனையொத்த முறை பிரித்தானிய அரசின் செய்தித்தொடர்பு உளவு நிறுவனத்தில் 1973 இலேயே கண்டறியப்பட்டு, 1997 வரை வெளியிடப்படாமல் வைக்கப்பட்டிருந்தது. ஹார்டி மாசற்றதெனக் கொண்டாடிய துறை, அவரது நாட்டின் உளவுத் துறையிலேயே இரகசியப் பொருளாயிற்று. வங்கிகளின் பணப் பரிமாற்றமும் இராணுவத் தொடர்பும் சாதாரண மனிதரின் அந்தரங்கக் கடிதமும் இன்று அத்தகைய கணிதத்தின் காவலில் இயங்குகின்றன.

அவர் தாமே அறியாமற் செய்த 'பயனுள்ள' காரியமும் ஒன்றுண்டு. 1908 இல், ஓர் ஆட்சியுடைய மரபுப் பண்பு தலைமுறை தோறும் பெருகிச் செல்லுமா என்ற ஐயத்துக்கு விடையாக அவர் ஒரு சிறு கடிதத்தை 'சயன்ஸ்' இதழுக்கு எழுதினார். புறக்காரணிகள் குறுக்கிடாதவிடத்து மரபுப் பண்புகளின் விகிதங்கள் மாறாமல் நிலைக்கும் என்று பள்ளிக்கூட அட்சரகணிதத்தைக் கொண்டே காட்டினார். அதே ஆண்டில் ஜேர்மனிய வைத்தியரான வைன்பேர்க்கும் தனித்து இம்முடிவுக்கு வந்திருந்தார். ஹார்டி–வைன்பேர்க் விதி என்னும் பெயரில் அது மரபியலின் அடிப்படைகளுள் ஒன்றாக விளங்குகின்றது. கனதி குறைந்ததாக அவர் கருதியிருக்கக்கூடிய கடிதமே உயிரியல் நூல்களில் அவரது பெயரை நிலைநிறுத்தியது.

இவற்றைக் கொண்டு பயன்வாதிகள் வெற்றி முழக்கமிடுவது வழக்கம். பார்த்தீர்களா, ஈற்றிற் கணிதம் பயன்பட்டதே என்பர். ஆனால் யூக்கிளிட்டின் நிறுவல் 1977 க்கு முன் குறைந்த அழகுடையதாயும் அதன் பின் கூடிய அழகுடையதாயும் ஆகிவிடவில்லை. வீழ்ந்தது தீங்கின்மை என்னும் தூண் மாத்திரமே. அழகு என்னும் தூண் அசையவில்லை.

இவ்விடத்தில் மார்க்சிய நோக்குத் தரும் விளக்கம் தெளிவானது. கணிதம் மனிதரின் நடைமுறைத் தேவைகளிலிருந்து தோன்றியது. நிலம் அளத்தல், தானியம் பங்கிடல், கட்டடம் எழுப்புதல், காலங் கணித்தல் ஆகியவை அதன் தாய்நிலம். பழைய பபிலோனியக் களிமண் பலகையொன்றிற் சதுரத்தின் மூலைவிட்டத்துக்குரிய எண், அதாவது 2 இன் வர்க்கமூலம், ஆறு இலக்கங்கள் அளவில் திருத்தமாகக் குறிக்கப்பட்டுள்ளது. எந்தக் கட்டடத்துக்கும் அது போதுமானது. கிரேக்கர் அங்கு நிற்கவில்லை. அவ்வெண்ணை இரு முழுவெண்களின் விகிதமாக ஒருபோதும் எழுத முடியாது என்று நிறுவினர். கட்டடக் கலைஞனுக்கு இச்செய்தியால் ஒரு பயனுமில்லை. நடைமுறையிற் பிறந்த கருத்து, நடைமுறையிலிருந்து விலகித் தனது உள்விதிகளின்படி வளரத் தொடங்கிய தருணம் அது. இதனையே ஒப்பீட்டுச் சுயாதீனம் என்கிறோம். ஏங்கெல்ஸும் 'டூரிங்குக்கு மறுப்பு' நூலில் (1878) கணிதம் பற்றிப் பேசுமிடத்து இத்தன்மையை வற்புறுத்தியுள்ளார். சுயாதீனம் ஒப்பீட்டளவிலானது என்பதை மறந்தவர் ஹார்டி. சுயாதீனம் மெய்யானது என்பதை மறப்பவர் கொச்சைப் பயன்வாதிகள்.

6

கணிதம் சுயாதீனமாக வளரலாம். கணிதவியலாளன் அவ்வாறு வளர முடியாது. அவனுக்கு உணவும் உறைவிடமும் காகிதமும் ஆசிரியரும் ஓய்வும் வேண்டும். கிரேக்கரின் ஓய்வு அடிமைகளின் உழைப்பில் எழுந்தது என்பதை நாம் அறிவோம். ஹார்டியின் ஓய்வு செல்வம் மிக்க ஒரு கல்லூரியின் சொத்திலும், அச்சொத்தைத் தாங்கிய ஒரு சமூக ஒழுங்கிலும் எழுந்தது. தூய கணித வாழ்வு பெறுமதியானதா என்று அவர் கேட்டார். அவ்வாழ்வு யாருக்கு அனுமதிக்கப்படுகின்றது என்று அந்நூலிற் போதியளவு கேட்கவில்லை.

ஆனால் அதே 1940 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது மற்றொரு நூல் இக்கேள்விக்கு மிக அருகில் வருகின்றது. இராமானுஜனின் வாழ்வும் பணியும் பற்றிய பன்னிரு சொற்பொழிவுகளின் தொகுப்பே அது. இவ்விரு நூல்களையும் ஒருங்கு வைத்து வாசித்தல் வேண்டும்.

1887 இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் ஒரு துணிக்கடைக் கணக்கரின் மகன். கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையாற் புலமைப்பரிசிலை இழந்தார். கல்லூரித் தேர்வுகளிலும் தோற்றார். காகிதம் விலையுயர்ந்தது ஆதலாற் கற்பலகையில் எழுதி, அழித்து, முடிவுகளை மட்டுமே குறிப்பேட்டிற் பதிந்தார். 1912 இல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்திற் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞரானார். 1913 ஜனவரியில் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் வரலாற்றுப் புகழ் பெற்றது. 1914 இல் இங்கிலாந்து சென்று, 1918 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராகி, நோயுற்று 1919 இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 இல் முப்பத்திரண்டு வயதிற் காலமானார். மரணப்படுக்கையிலும் அவர் எழுதிய தாள்கள் 1976 இற் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றில் மீளக் கண்டெடுக்கப்பட்டு இன்றும் ஆராயப்படுகின்றன.

இராமானுஜன் இளமையில் இறந்தமையை ஹார்டி அவரது பெரும் அவலமாகக் கொள்ளவில்லை. பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலான ஆண்டுகளில் அவரது மேதைமை வழிகாட்டலின்றி வீணடிக்கப்பட்டமையே உண்மையான அவலம் என்பது அவரது கருத்து. ஏற்கெனவே ஐரோப்பாவிற் கண்டறியப்பட்டிருந்த பலவற்றை இராமானுஜன் தனித்து மீண்டும் கண்டறிவதிற் காலங் கழித்தார். இது விதியின் விளையாட்டன்று. குடியேற்ற அரசுக்கு எழுதுவினைஞர்களை உற்பத்தி செய்யவே வகுக்கப்பட்ட கல்விமுறை ஒன்றின் விளைவு. நாமகிரித் தாயாரின் அருள் என்று அவரது ஆற்றலை வியப்பதோடு நின்றுவிடுவோர், அவரது பசியைப் பற்றிய கேள்வியைத் தவிர்த்துவிடுகின்றனர். அவரோ எழுத்தறிவு மரபுரிமையாகக் கிடைத்த சாதியிற் பிறந்தவர். ஆதலால் அவருக்குக் கற்பலகையாவது கிடைத்தது. வயலிலும் சேரியிலும் நமது மலையகத் தோட்ட லயன்களிலும் கற்பலகையையே காணாது அழிந்த மூளைகளுக்குக் குறிப்பேடுகள் இல்லை. கண்டெடுப்பதற்குத் தாள்களும் இல்லை.

வறுமை ஒன்றே தடையன்று. நவீன அட்சரகணிதத்தின் தோற்றத்திற் பெரும்பங்கு கொண்ட எம்மி நொய்தர், பெண் என்ற காரணத்தால் கொற்றிங்கன் பல்கலைக்கழகத்திற் பல ஆண்டுகள் ஊதியமின்றி, ஹில்பேர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட விரிவுரைகளை நிகழ்த்தினார். 1919 இலேயே விரிவுரையாற்றும் உரிமை அவருக்கு வழங்கப்பட்டது. 1933 இல் யூதர் என்பதற்காக நாசிகளால் நீக்கப்பட்டு, அமெரிக்காவுக்குச் சென்று, 1935 இல் இறந்தார். ஹார்டியின் கேம்பிரிட்ஜ் தானும் பெண்களுக்கு முழுமையான பட்டத்தை 1948 இலேயே வழங்கியது. அப்போது ஹார்டி உயிருடன் இல்லை. அவரது நூல் முழுவதும் கணிதவியலாளன் ஆணாகவே சித்திரிக்கப்படுவது தற்செயலன்று.

7

அவ்வாறாயின் முற்போக்காளர் இவ்வாழ்வை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்?

கார்ல் மார்க்ஸ் தாமே கணிதத்தில் ஈடுபட்டிருந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1860 இல் மனைவி ஜெனி அம்மை நோயாற் படுக்கையிற் கிடந்தபோது, எழுத்துவேலை எதுவும் ஓடாத நிலையிற் கணிதமே தமது மனத்துக்கு அமைதி தந்ததாக அவர் ஏங்கெல்ஸுக்கு அறிவித்தார். பின்னர் நுண்கணிதத்தின் அடிப்படைகள் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1968 இல் மொஸ்கோவில் முழுமையாக வெளியிடப்பட்டன. பொருளாதார ஆய்வுக்குத் துணையாகத் தொடங்கிய கல்வி, கருத்தின் உட்சிக்கலை அவிழ்க்கும் ஆர்வமாக அவரிடம் மாறியமையை அக்குறிப்புகள் காட்டுகின்றன.

'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் இன்றியமையாமையின் ஆட்சிப்பரப்பையும் சுதந்திரத்தின் ஆட்சிப்பரப்பையும் வேறுபடுத்துகின்றார். தேவையும் புறநிர்ப்பந்தமும் கட்டளையிடும் உழைப்பு முடிவுறும் இடத்தில், மனித ஆற்றல்களின் வளர்ச்சி தானே தனக்கு நோக்கமாகும் நிலை தொடங்குகின்றது. வேலைநாளைக் குறைப்பதே அதற்கு அடிப்படை என்பது அவரது கருத்து. இக்கருத்தின் ஒளியில் நோக்கினால், தூய கணித வாழ்வு எதிர்கால மனித வாழ்வின் முன்மாதிரி ஒன்றாகத் தென்படும். எவருடைய கட்டளைக்கும் அன்றி, இலாபத்துக்கும் அன்றி, தன் ஆற்றலை அதன் எல்லை வரை செலுத்தி, அதன் விளைவை முழு மனிதகுலத்துக்கும் பொதுவாக விட்டுச்செல்லும் உழைப்பு அது. அந்நியமாதலின் நேர் எதிர்நிலை. ஹார்டி தமது வாழ்விற் கண்ட இன்பத்தின் மெய்யான பெயர் இதுவே. ஒரு சிலரின் சிறப்புரிமையாக அது இருந்தமையே குறை, அவ்வின்பத்திற் குறையில்லை.

ஆகவே 'இதனால் என்ன பயன்?' என்னும் கேள்வியைப் பல்கலைக்கழகங்களின் மீது சந்தை தொடுக்கும்போது முற்போக்காளர் அக்கேள்வியை எதிரொலித்தல் தகாது. தூய கணிதத்தின் மீது இன்று பாயும் அக்கேள்வி பழைய இலக்கியத்தின் மீதும் தொல்லியலின் மீதும் மெய்யியலின் மீதும் பாய்வது திண்ணம். கணிதவியலாளரும் தமது ஆய்வு எங்கு சென்று சேர்கின்றது என்பதை அறியாதவராக இருந்துவிட முடியாது. 1945 க்கும் 1977 க்கும் பின்னர் அந்த அறியாமைக்கு மன்னிப்பில்லை. அழகைப் படைப்பவர் அதன் பயன்பாட்டை மக்களின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் போராட்டத்திலும் பங்குகொள்ளல் வேண்டும். அதற்கும் மேலாக, அவ்வழகை நுகரவும் படைக்கவும் வல்ல பிள்ளைகள் எந்தக் குடிசையிற் பிறந்தாலும் அவர்களுக்குக் காகிதமும் ஆசிரியரும் ஓய்வும் கிடைக்கும் ஒரு சமூகத்தைக் கோருதல் வேண்டும்.

முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்பதை ஏறத்தாழ இருபத்துமூன்று நூற்றாண்டுகளாக மனிதகுலம் அறியும். அதனை அறிந்து மகிழும் வாய்ப்பு அந்நூற்றாண்டுகள் முழுவதும் மிகச் சிலருக்கே கிடைத்து வந்துள்ளது. ஹார்டியின் எதிர்வாதத்தில் எஞ்சி நிற்கும் வினா அதுவே. அதற்கான விடையைக் கணிதம் தனித்து நின்று தரமுடியாது.